எழுபதினாயிரத்து ஒரு கொட்டை

எனக்குப் பேத்தி பிறந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அவளுடைய கையை விரித்தால் என் பெருவிரல் நீளம்தான் இருக்கும். அந்தக் கையைப் பிடித்து விரல்களை எண்ணுவதுதான் இப்போது என் வேலை. ஓட்டோவுக்கு ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். இரண்டு கையும் சேர்த்து எண்ணினால் எனக்கு ஒன்பது விரல்தான் வரும். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, பத்தும் இருக்கிறது. அப்படி எண்ணக் காட்டியவர் ஜெமீலா ராத்தா. அவருடைய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜெமீலா ராத்தா இறக்காமத்தில் பிறந்தவர். வாப்பா வேளாண்மைக்காரர். சூடடித்துத் தூற்றிய நெல்லைக் களவெட்டியில் மரக்காலால் அளந்து பழகிய கை ராத்தாவுக்கு. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மீன் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மகன் றஸ்மி தவழ்கிற வயதில் அந்த மனிசன் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்றுத்தான் மகனை வளர்த்தார்.

ஆனால் ஊரில் யாரும் அவரை இடியப்ப ஜெமீலா என்று சொல்வதில்லை. கொட்டை ஜெமீலா என்றால்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் அவர் பேரில் எழுபதினாயிரம் கலிமா ஓதுகிற வழக்கம் பழைய ஆட்களிடம் இருக்கிறது. அது தேவையில்லை என்று சொல்கிற இளம் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வழக்குக்கு நான் வரவில்லை. ஓதுகிறவர்களுக்கு எண்ணிக்கை தவறாமல் இருக்கப் புளியங்கொட்டை வேண்டும், ஒரு கலிமாவுக்கு ஒரு கொட்டை. ராத்தா தன் புருஷனுக்கு ஓதுவதற்காக வீடு வீடாகப் போய்க் குசினிகளில் ஒதுக்கிப்போட்ட கொட்டைகளை வாங்கிக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தார். சேர்த்து முடிக்க மகன் நடந்து பேசத் தொடங்கிவிட்டான். துண்டுச் சீலைகளில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, பைக்கு நூறாக எழுநூறு பை கட்டினார். முதல் பை மட்டும் பச்சைச் சீலை, மற்றதெல்லாம் வெள்ளை. எல்லாம் சேர்ந்து இரண்டு உரப்பை நிறையும்.

அதற்குப் பிறகு ஊரில் எங்கே மௌத்து என்றாலும் அந்த இரண்டு உரப்பையோடு ராத்தாவும் நானும் என் ஓட்டோவில்தான் போவோம். பள்ளத்தில் ஓட்டோ இறங்கும்போது பின்னால் கொட்டைகள் அசைகிற சத்தம் வரும். மணலில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். மழையே இல்லாத வெயிலில் அதைக் கேட்டால் முதுகு சிலிர்க்கும். நாங்கள் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஆட்கள் படலைக்கு வந்து "ஆரு மௌத்து?" என்று கேட்பார்கள். சும்மா போனாலும் கேட்பார்கள். அதனால் ராத்தா வேறு எந்தப் பயணத்துக்கும் என் ஓட்டோவில் ஏறமாட்டார். சந்தைக்கு நடந்தேதான் போவார்.

ஓதுகிற வீட்டில் பச்சைப் பையை அவர் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அதை அவிழ்த்து மடியில் கொட்டி, உதடு அசைய எண்ணுவார். சத்தம் வராது. உடைந்தது, தொலைந்தது இருந்தால் இடுப்பில் வைத்திருக்கிற சின்ன டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்புவார். பிறகுதான் ஓதத் தொடங்குவார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் றஸ்மி கடலில் காணாமல் போனான்.

ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகு அது. படகில் இரண்டு பேர். ஒருவன் றஸ்மி, மற்றவன் பாண்டிருப்பைச் சேர்ந்த பிரசாந். இரண்டு பேரும் ஒரே வயது, எப்போதும் ஒன்றாகத்தான் தொழிலுக்குப் போவார்கள். ஒரு வாரத்தில் வரவேண்டிய படகு வரவில்லை. தேடினார்கள், மாதம் ஒன்றாகியும் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தேடுவதை விட்டார்கள்.

றஸ்மியின் பெண்டாட்டி பர்ஹானா ஒரு நாள் பின்னேரம் ராத்தாவிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மாமி, நான் என்னெண்டு இரிக்கிற? புருஷன் உள்ளவளா, இல்லாதவளா? இத்தா இரிக்கிறதா, வேணாமா? ஊட்டுல எல்லாரும் ஓதச் சொல்றாங்க." புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு ஒதுங்கி இருக்கிற நாள்கள்தான் இத்தா.

"ஓதுறது மௌத்தானவங்களுக்கு."

"நாள் போய்ட்டு மாமி."

"நாள் போனா? ஆரும் கண்டாங்களா?"

பர்ஹானா அழுதாள். ராத்தா அழவில்லை. உரப்பைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊருக்கெல்லாம் ஓதின கொட்ட. என்ட புள்ளைக்கு ஓதுறண்டா எண்ணிக்க ஒண்டும் பிசகக் கூடா. முதல்ல எண்ணிப் பாக்கணும். சரியா வந்தா ஓதுங்க."

எண்ணுவதற்கு என் மருமகன் நிப்றாஸைத்தான் கேட்டார். மருமகன் கணக்குச் சேர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். எங்கள் வழக்கப்படி மகளைக் கட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மூட்டைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணலாம் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரி பாய்ந்தாள்.

"புள்ளத்தாச்சி இரிக்கிற ஊட்டுக்குள்ள மௌத்துச் சாமான ஏத்திட்டு வரப் போறயா? உனக்கென்ன மூள பிசகிட்டா?"

அதனால் ராத்தா வீட்டிலேயே எண்ணினோம். அயல் பெண்களும் மருமகனும் நானுமாகப் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் எண்ணிய பைகளை மருமகன் ஒருமுறை திரும்ப எண்ணினார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. வெள்ளைப் பைகள் எல்லாம் சுத்தமாக நூறு. கடைசியில் பச்சைப் பையை எண்ணியபோது நூற்றி ஒன்று வந்தது.

"எழுபதினாயிரத்தி ஒண்டு. ஒண்டு கூட இரிக்கி மாமி" என்றார் மருமகன்.

"இல்லயே. அது என்ட கையால எண்ணின பை." ராத்தா அதை வாங்கி மடியில் கொட்டினார். உதடு அசைந்தது. கடைசிக் கொட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நூறு."

மருமகன் சிரித்துக்கொண்டே அதே கொட்டைகளை வாங்கி எங்கள் முன்னால் எண்ணினார். நூற்றி ஒன்று. ராத்தா மறுபடி எண்ணினார். நூறு. ஒரு கொட்டை மடியிலும் தங்கவில்லை, பாயிலும் விழவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் கைக்குப் போனால் நூறு, இவர் கைக்கு வந்தால் நூற்றி ஒன்று. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி மெல்ல எழும்பி, அடுப்பில் கறி இருக்கிறது என்று போனாள். பிறகு வரவே இல்லை.

"மாமி, வாய்விட்டு எண்ணுங்களேன்" என்றார் மருமகன்.

"வாய்விட்டு எண்ணினா பரக்கத்துப் போயிரும் மகன், பெருகாது. களவெட்டியில அளக்கக்குள்ள எங்கட வாப்பா கதைக்கவே விடமாட்டாரு. கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டுப் போயிருமாம்."

"என்னது கேக்கும்?"

"அத ஏன் இப்ப கேக்காய்?"

திரும்பி வரும்போது மருமகன் ஓட்டோவின் பின் சீற்றில் இருந்து போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தார். கொத்துரொட்டி கொத்துகிற கடையடியில் "மாமா, நிப்பாட்டுங்க" என்றார். கடைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்.

"எழுபதினாயிரம் நல்ல எண் மாமா. ஆரோடயும் ஒத்துப்போகும். ரெண்டு பேர், நாலு பேர், ஏழு பேர், பத்துப் பேர், முப்பத்தஞ்சு பேர், எப்பிடிப் பங்கு போட்டாலும் மிச்சம் வராது. அம்பது விதமா மிச்சமில்லாமப் பங்கு போடலாம். அதோட ஒண்டு கூடினா என்ன நடக்குது தெரியுமா? ஒருத்தருக்கும் பங்கு போகாது."

"மூணு பேருக்கு?"

"மிச்சம் வரும்."

"பதினொரு பேருக்கு?"

"மிச்சம் வரும் மாமா. எத்தின பேர் இருந்தாலும் மிச்சம்தான். இது முதன்மை எண். ஒண்டில் ஒரே ஆள் முழுக்க எடுக்கணும், இல்லாட்டி எழுபதினாயிரத்தி ஒரு பேர் வந்து ஆளுக்கு ஒண்டு எடுக்கணும். வேற வழியில்ல."

அவருக்கு அது சந்தோசம். கண்ணெல்லாம் மின்னியது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எனக்கு அந்த இடத்தில் தோன்றியது வேறு. இத்தனை வருஷம் எத்தனை வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓதினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாருடைய பங்கிலும் சேராத ஒரு கொட்டை அந்த வட்டத்துக்குள் இருந்திருக்கிறது. அதை எடுக்க யார் வந்து உட்கார்ந்திருந்தார்?

அடுத்த நாள் மருமகன் பச்சைப் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து என் கையில் தந்தார். "இப்ப சரி. இத எங்கயாவது போட்டிருங்க மாமா. ஜெமீலா மாமிட டப்பாவுக்குள்ள மட்டும் போட்டிராதீங்க." நான் நேரே கடற்கரைக்குப் போய் அதை வீசினேன். அலை அதைத் திருப்பித் தரவில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஓதலுக்கு நாள் குறிக்கப் போனோம். மருமகன் கடைசியாக ஒருமுறை என்று பச்சைப் பையை அவிழ்த்து எண்ணினார். நூற்றி ஒன்று.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கடலுக்குள்ள போட்டனே!"

ராத்தா திடுக்கிட்டுத் திரும்பினார். "எத தம்பி கடலுக்குள்ள போட்ட?"

சொல்லவேண்டியதாகிவிட்டது. கேட்டதும் ராத்தாவின் முகம் மாறிய மாதிரியை நான் எப்படி எழுதுவேன்? ஒரு மாதமாகச் சாம்பல் பூத்துக் கிடந்த முகத்தில் இரத்தம் ஏறியது. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"கடல்ல போட்டது வந்துட்டு. பாத்தயளா? கடல்ல போட்டது கிறுகி வந்துட்டு! என்ட புள்ள ஹயாத்தாத்தான் இரிக்கான், உசிரோட இரிக்கான். ஓதவும் வேணா, ஒண்டும் வேணா."

பர்ஹானா கதவோரம் நின்றாள். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகனுக்கும் சோறு போட்டு மூடி வைக்கத் தொடங்கினார் ராத்தா. காலையில் இடியப்பம் வாங்கப் போனால், "தம்பி, றஸ்மிக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிட்டன், மிச்சத்தத்தான் விக்கிறன்" என்பார். ஊர் ஒருமாதிரிப் பேசியது. ஜின் வேலை என்றார்கள் சிலர். மருமகன் இரவு பகலாகக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார், அதில் இதற்கு ஒன்றும் இல்லை. என் மகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கையால் போகும்போது நான் ஓட்டோவின் வேகத்தைக் கூட்டிவிடுவேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் படகுக்காரர் ஓடி வந்தார். தூரத்துக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் எங்கள் படகைக் கண்டிருக்கிறது. ஒருவரை உயிரோடு ஏற்றி வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறக்கியிருக்கிறார்கள். பேர் சரியாகத் தெரியவில்லை. பின்னேரம் போன் எடுத்துத் தருவார்களாம்.

"ஒருத்தரா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர்தான்."

"நான் சொன்னனே, கடல்ல போட்டது கிறுகி வந்துட்டு எண்டு" என்றார் ராத்தா.

பாண்டிருப்பிலிருந்து பிரசாந்தின் தாய் செல்லத்தங்கத்தையும் நான்தான் ஏற்றி வந்தேன். அவவும் வயல்காரி, பேச்சுக்காரி. அன்றைக்கு வழியெல்லாம் பேசவில்லை. இரண்டு தாய்மாரும் ஒரே பாயில் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தார்கள். நடுவில் படகுக்காரரின் போன். பர்ஹானாவும் வந்திருந்தாள். மருமகன் சுவரில் சாய்ந்து நின்றார். மூலையில் இரண்டு உரப்பை. பின்னேரத்து அசரு பாங்கு சொல்லி ஓய்ந்தது. காற்று விழுந்துவிட்டது. கடல் இரைச்சல்கூடக் கேட்கவில்லை.

போன் அடித்தது. படகுக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு தொண்டை. காய்ந்து, உடைந்து, யாருடைய குரல் என்று சொல்லவே முடியாத குரல். ராத்தா முன்னால் சாய்ந்தார். செல்லத்தங்கமும் சாய்ந்தார்.

"அம்மா" என்றது குரல்.

எங்கள் பிள்ளை என்றால் உம்மா என்றிருக்கும்.

செல்லத்தங்கம் போனை நோக்கிக் கத்தப் போன வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். மற்றக் கையால் ராத்தாவின் கையைப் பிடித்தார். பிறகு அந்தக் குரல், "ஜெமீலாம்மா இருக்காவா அங்க?" என்று கேட்டது.

"இரிக்கன் மகன். சொல்லு."

பிரசாந் சொன்னதை நான் கேட்டபடியே எழுதுகிறேன். எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. குடிதண்ணி குறையக் குறைய றஸ்மி போத்தல் மூடியால் அளந்து பங்கு போட்டான்.

"அவன் அளக்கிறது ஒரு மாதிரி அம்மா. முதல் மூடிய லாபம் எண்டு சொல்லுவான். அத எனக்குத் தருவான். அதுக்குப் பிறகுதான் ஒண்டு எண்டு தொடங்கி ரெண்டு பேருக்கும் சரிக்குச் சரி அளப்பான். ஏன்டா எனக்கு ஒண்டு கூடத் தாறாய் எண்டு கேட்டன். எங்கட உம்மா இப்பிடித்தான் அளப்பா, லாபம் கணக்குல இல்ல, அத வச்சிரிக்கக் கூடா, பக்கத்துல இரிக்கிற ஆளுக்குக் குடுத்திரணும், குடிடா எண்டான். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்." குரல் நின்றது. இரைச்சல் வந்தது. "கடைசியா அளக்கக்குள்ள லாபம் மட்டும்தான் இருந்துது அம்மா. அதயும் எனக்குத் தந்தான். விடிய நான் எழும்பினன். அவன் எழும்பல்ல."

மருமகன் போய் உரப்பைக்குள் கைவிட்டுப் பச்சைப் பையை எடுத்தார். பாயோரம் குந்தி, கொட்டைகளைக் கொட்டி, முதல் கொட்டையை எடுத்து ஒதுக்கி வைத்து, "லாபம்" என்றார். அடுத்ததற்கு "ஒண்டு" என்றார். எண்ணிக்கொண்டே போனார். கடைசிக் கொட்டையில் நூறு வந்தது.

அவ்வளவுதான் அந்த மர்மம். களவெட்டியில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். மற்ற ஆட்கள் அதற்கடுத்ததை இரண்டு என்று எண்ணுவார்கள். ராத்தாவின் வாப்பா லாபத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது பக்கத்தில் நிற்கிற ஏழைக்கு. அதற்கடுத்துத்தான் அவருக்கு ஒன்று. ராத்தா கொட்டையையும் அதே மாதிரித்தான் மனசுக்குள் எண்ணினார். ஒரு குவியலுக்கு ஒரு லாபம்தான், அது முதல் பையில் மட்டும். அதனால் அவருக்கு எப்போதும் நூறு, மற்றவர்களுக்கு எப்போதும் நூற்றி ஒன்று. நான் கடலில் போட்ட அன்று அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்று குறைந்தது. வழக்கம்போல டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார், கைப்பழக்கத்தில் செய்ததை நினைவில்கூட வைக்கவில்லை. கடலில் போனது கடலோடு போய்விட்டது.

இது விளங்கியதும் பயம் போயிருக்கவேண்டும். எனக்குக் கூடியது. மௌத்துக்கென்று சேர்த்த மூட்டைக்குள் உயிருக்கென்று ஒரு கொட்டையைத் தெரியாமலே இந்த மனிசி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது கடலுக்குள் போய் வேறொரு தாயின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

ராத்தாவுக்கும் விளங்கியது. மருமகன் ஒதுக்கி வைத்த அந்தக் கொட்டையை எடுத்தார். செல்லத்தங்கத்தின் உள்ளங்கையைப் பிரித்து அதற்குள் வைத்து மூடினார்.

"இது என்ன ஜெமீலா?"

"லாபம்."

செல்லத்தங்கம் அப்போதுதான் அழுதார். வயல்காரிக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ராத்தா பர்ஹானாவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். "நீ இத்தா இரி மகள். நான்தான் ஒன்னக் காக்க வச்சிட்டன்."

ஓதுகிற அன்று முப்பத்தைந்து பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு இருபது பை, மிச்சமில்லை. நான் உரப்பைகளை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே ஓட்டோவோடு நின்றேன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ராத்தா பச்சைப் பையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வராது. அன்றைக்கு வந்தது. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்டு" என்றார்.

உள்ளே ஒரு பெண் விம்மினாள். அடுத்தது, "ரெண்டு". நான் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது அதற்குப் பிறகு. தலைமுடி மழித்த அன்று ராத்தா பார்க்க வந்தார். என் வீட்டுக்காரி ஒரு கணம் தயங்கினாள், பிறகு தானே பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். பிள்ளை கையை விரித்தது. ராத்தா அந்தச் சின்னப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மகனுக்கு ஓத "ஒண்டு" என்று தொடங்கிய வாய் இப்போது எதில் தொடங்கப் போகிறது என்று நான் அவர் உதட்டையே பார்த்தேன்.

"லாபம்" என்றார் மெல்ல. அடுத்த விரலைப் பிடித்தார். "ஒண்டு."

இரண்டு கையும் எண்ணி முடித்து, "ஒம்பது" என்றார்.

"பத்து இரிக்கி மாமி" என்றார் மருமகன்.

"ஓம் மகன். மத்தது கணக்குல இல்ல."

மருமகன் சிரிக்கவில்லை. பிள்ளையின் அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா போன பிறகு பார்த்தால், அதைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.